முதல் பெல்லட் ஸ்மோக்கர் வாங்குமுன்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வயர்மேன் சொல்வது

பெல்லட் ஸ்மோக்கர் என்பது மரத்தூள் குச்சிகளை எரித்து, அந்தச் சூட்டிலும் புகையிலும் இறைச்சி, மீனை மெதுவாக வேகவைக்கும் மெஷின். அதை வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி நல்லது என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, பெல்லட் எங்கிருந்து வாங்கப் போகிறீர்கள் என்று. அதற்குப் பதில் இல்லையென்றால் மற்ற பேச்சுக்கு அவசரமே இல்லை. எனக்கு மார்த்தாண்டம் பக்கம் இன்வெர்ட்டர், மோட்டார் வேலை. வீட்டுப் பின்பக்கத்தில் ஸ்மோக்கர் ஒன்றும் வைத்திருக்கிறேன். ஆகவே இந்த மெஷினைச் சமையல்காரன் கண்ணைவிட வயர்மேன் கண்ணால்தான் அதிகம் பார்க்கிறேன். நம்ம ஊருக்கு அந்தக் கண் தேவைப்படவும் செய்கிறது. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், உப்புக்காற்று, சொல்லாமல் போகும் கரண்ட். வெளிநாட்டுக்காரர்கள் ஸ்மோக்கர் வாங்குவது பற்றிச் சொல்லும் யோசனைகளில் இந்த மூன்றுக்கும் பெரிதாக இடம் இருக்காது.

மெஷினுக்குள் நடப்பது எளிமையான வேலை. பக்கத்தில் ஹாப்பர் என்ற பெட்டி. அதில் பெல்லட்டைக் கொட்டுகிறோம். பெல்லட் என்பது மரத்தூளை அழுத்தி எடுத்த, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சின்னக் குச்சி. பெட்டியின் அடியில் ஆகர் என்கிற திருகுத்தண்டு மெதுவாகச் சுற்றி, பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும். அங்கே ஒரு இக்னைட்டர் கம்பி பழுத்துப் பற்றவைக்கும். ஃபேன் காற்றை ஊதும். தீக்கு மேல் ஒரு தகடு, அதற்கு மேல் கொழுப்பு வடியும் தட்டு, அதற்கும் மேல்தான் இறைச்சி. உள்ளே இருக்கும் வெப்ப உணரியைப் பார்த்து, எவ்வளவு பெல்லட் தள்ளுவது, எவ்வளவு ஊதுவது என்று கன்ட்ரோலர் முடிவு செய்யும். மற்ற ஸ்மோக்கர்களில் ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டிய தீயை இதில் மோட்டார் பார்த்துக்கொள்கிறது. கரண்ட் போனால் பார்க்க ஆளில்லை. அதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் 1980களில் இதை உருவாக்கினார். 1986இல் காப்புரிமை வாங்கினார். அது 2006இல் முடிந்ததும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். இன்று சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உள்வேலை ஒன்றுதான். பெயின்ட், ஆப், சக்கரம், இவைதான் மாறும். அதனால் கம்பெனிப் பெயரில் மயங்க வேண்டியதில்லை.

முதலில் பெல்லட்

பெல்லட்டில் பசை கிடையாது. அழுத்தும்போது வரும் சூட்டில் மரத்திலிருக்கும் லிக்னின் என்ற இயற்கைப் பொருள் இளகி, அதுவே ஒட்டிப் பிடிக்கிறது. ஒரு பெல்லட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் ஊதிப் பெருத்துத் தூளாகிவிடும். ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் ஹாப்பருக்குள் கிடக்கும் பெல்லட்டுக்கும் இதே கதிதான், நேரம் மட்டும் கூடுதலாகும். ஊறிய தூள் திருகுத்தண்டைச் சுற்றி இறுகி, காய்ந்தபின் சிமென்ட் போல நிற்கும். அப்புறம் ஆகரைக் கழற்றித் தட்டித்தான் எடுக்க வேண்டும். என்னிடம் சர்வீசுக்கு வந்த ஸ்மோக்கர்களில் மோட்டார் போய்விட்டது என்று கொண்டுவந்தவை பலவற்றில் மோட்டார் நன்றாகவே இருந்தது. சுற்ற வழியில்லாமல் திருகு அடைத்திருந்தது.

இதனால், மெஷின் வாங்கும்போது நான் வேறெதையும்விடக் கறாராகப் பார்க்கச் சொல்வது ஹாப்பருக்குக் கீழே பெல்லட்டை இறக்கும் கதவு இருக்கிறதா என்பதை. இந்தக் கதவு இருந்தால், சமைத்து முடித்ததும் ஒரு வாளியைப் பிடித்து மீதியை இறக்கிவிடலாம். இல்லாவிட்டால் கையால் அள்ள வேண்டும். யாரும் அள்ள மாட்டார்கள். குளிரூரில் இது ஒரு சௌகரியம், அவ்வளவுதான். நமக்கு இது இல்லாத மெஷினே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இறக்கிய பெல்லட்டை ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள வாளியில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். பெயின்ட் வாளி வேண்டாம், எவ்வளவு கழுவினாலும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 110 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்து ஓட்டினால் மணிக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை பெல்லட் போகும். சூட்டை ஏற்றினால் இன்னும் கூடும். இரண்டரைக் கிலோ பன்றித் தோள்பட்டை பதமாக ஏழெட்டு மணி நேரம் ஆகும். வெளிநாட்டில் வழக்கமாக விற்கும் 9 கிலோ மூட்டையில் பாதிக்குமேல் ஒரே சமையலில் காலியாகலாம். இந்த மூட்டையை ஆன்லைனில் வரவழைத்தால் கூரியர் செலவும் சேர்ந்து என்ன விலைக்கு வீட்டுக்கு வந்து சேருகிறது, எத்தனை நாளில் வருகிறது என்று மெஷின் வாங்குமுன் ஒருமுறை வாங்கியே பாருங்கள்.

அந்த மூட்டை வீணாகாது. கூடவே ஒரு புகைக்குழாயும் வாங்குங்கள். ஓட்டை போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், ஒரு அடி நீளம், விலை அதிகமில்லை. அதில் பெல்லட்டை நிரப்பி, ஒரு முனையில் கேஸ் டார்ச்சால் பற்றவைத்து, ஐந்து பத்து நிமிஷம் எரியவிட்டுத் தீயை ஊதி அணைத்தால், கனன்று சில மணி நேரம் புகைவிடும். மூடி உள்ள சாதாரணக் கரி கிரில்லுக்குள் வைத்துவிடலாம். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செய்து, வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ருசி பிடிக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மைனிக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. "அடுப்பாங்கரப் புகைய விட்டுத் தப்பிச்சு கேஸ் வாங்குனோம், இப்போ காசு குடுத்து மறுபடியும் புகையா?" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

எந்த மரம் என்ற கேள்விக்கு வருவோம். ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி, மெஸ்கீட் என்று மூட்டையில் எழுதியிருக்கும். பலவற்றில் ஓக் அல்லது ஆல்டர் மரத்தூள்தான் பாதிக்குமேல். பெயருக்குரிய மரம் கொஞ்சமாகக் கலந்திருக்கும். அதனால் பெரிய குற்றமில்லை. குற்றம் வருவது உள்ளூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்லருக்கு விற்கும் பெல்லட்டை வாங்கும்போது. அதில் பிளைவுட் கழிவு, பெயின்ட் அடித்த பலகை, எது வேண்டுமானாலும் சேர்ந்திருக்கலாம். நம்ம மாவட்டத்தில் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ரப்பர் தடி. பூச்சி அரிக்காமலிருக்க ரப்பர் பலகைக்கு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றுவார்கள். அந்தப் பலகையை இழைத்த தூள் உணவுக்கு ஆகாது. மில்லில் கிடைக்கும் தூள் எந்தக் கட்டத்தில் வந்தது என்று நமக்குத் தெரியாது. இரண்டு, அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் அண்டித்தோடு. அதிலிருக்கும் எண்ணெய் கையில் பட்டாலே புண்ணாகும். அதன் புகையில் மீன் சுடுவது நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாத காரியம்.

சிரட்டை, புளியந்தடி, கொய்யாக்கொம்பு எல்லாம் நல்ல புகை தரும். ஆனால் ஹாப்பரில் போட முடியாது. திருகுத்தண்டு ஒரே அளவுக் குச்சிக்காகச் செய்தது. துண்டு மரத்தைப் போட்டால் சிக்கிக்கொள்ளும். ஆசையாக இருந்தால், உடைத்த சிரட்டையை ஒரு சின்ன இரும்புப் பெட்டியில் போட்டு, தீத்தகட்டின் மேல் வைக்கலாம். பெல்லட் ஸ்மோக்கரின் புகை பொதுவாக மெல்லியது. கறுப்புப் பிடிக்கும் அளவுக்குக் காட்டமான புகை வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தச் சில்லறை உதவி தேவைப்படும்.

கரண்ட்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்தான் இங்கே பல வீடுகளுக்கு இதை வாங்கி அனுப்புகிறார்கள். சவுதியிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். "அண்ணே, இங்க ஒண்ணு ஆஃபர்ல கெடக்கு, எடுக்கட்டா?" நான் சொன்னது, "பொறத்தால ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் மக்கா, அத போட்டோ எடுத்து அனுப்பு. அப்புறம் சொல்லுதேன்." அந்த ஸ்டிக்கரில் பார்க்க வேண்டியது இரண்டு எண்: வோல்ட், ஹெர்ட்ஸ்.

நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். துபாய், கத்தார், குவைத், ஓமான், இங்கிலாந்து எல்லாம் கிட்டத்தட்ட இதே கணக்கு. அங்கே விற்பது பிளக்கை மாற்றினால் இங்கே ஓடும். சவுதியில் 60 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்க மெஷினை அப்படியே நம்ம பிளக்கில் செருகினால் இக்னைட்டர் கம்பி மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி இழுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்சுக்கென்று செய்த ஏசி ஆகர் மோட்டார் 50 ஹெர்ட்சில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடும் அதிகமாகும். பெல்லட் குறைவாக விழும். நீங்கள் 120 டிகிரி வைத்தால் மெஷின் அதைப் பிடிக்க முடியாமல் திணறும். மோட்டாரும் ஃபேனும் டிசியில் ஓடும் மாடல் என்றால் இந்தத் தொல்லை கிடையாது; ஹெர்ட்ஸ் அவற்றைத் தொடாது. அதனால் அந்தப் பையனிடம் மோட்டார் ஏசியா டிசியா என்று கடையில் கேட்கச் சொன்னேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றுவிட்டேன்.

இனி கரண்ட் கட்டு. ஸ்மோக்கர் நிறைய இழுக்காது. பற்றவைக்கும் முதல் சில நிமிஷம் 200 முதல் 300 வாட்; அதற்குப் பின் மோட்டார், ஃபேன், கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து 50 வாட் பக்கம். வீட்டில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் வைத்திருக்கும் 900 விஏ இன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்கும். ஆனால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். பழைய ஸ்கொயர் வேவ் வகையில் ஏசி மோட்டார் உறுமும், சூடாகும். வெளியில் வைக்கும் பிளக் பாயின்ட் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. அதற்கென்று ஒரு லைன் இழுத்து, எர்த் கொடுத்து, அந்த லைனிலும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பாதுகாப்பு இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இரும்பு மூடியைத் திறக்கிற வேலை இது.

இன்வெர்ட்டர் எதற்கு, கரண்ட் வந்ததும் ஓடட்டுமே என்று நினைக்கலாம். ஃபேன் நின்றதும் கிண்ணத்திலிருக்கும் தீ அணையாது. கனன்று, திருகுத்தண்டு வழியாக ஹாப்பர் பக்கம் பின்னோக்கி ஏறப் பார்க்கும். கரண்ட் திரும்பியதும் சில கன்ட்ரோலர்கள் முதலிலிருந்து ஆரம்பித்து, பாதி எரிந்த பெல்லட்டின் மேல் புதிதாகக் கொட்டும். வெள்ளைப் புகை மண்டும், பிறகு ஒரேயடியாகப் பற்றும். மூடி தூக்கி அடித்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். அதனால் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: நடுவில் கரண்ட் போய் வந்தால் இந்த மாடல் என்ன செய்யும்? நின்றுவிடும் என்றால் நல்லது. தெரியாது என்றால் மேனுவலை வாங்கிப் படியுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத நேரத்தில் இப்படி ஆகிவிட்டால், பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் தொடாமல் புகை அடங்கும்வரை விட்டு, முழுக்க ஆறியபின் கிண்ணத்தைக் காலி செய்துதான் மறுபடி பற்றவைக்க வேண்டும். சமையல் முடிந்ததும் அப்படியே ஸ்விட்சை அணைக்கவும் கூடாது. ஷட் டவுன் பொத்தானை அழுத்தினால் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி, மிச்ச பெல்லட்டை எரித்துத் தீர்த்துவிட்டுத் தானே நிற்கும்.

தகடு, காற்று, அளவு

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் கையில் ஒரு காந்தத்தோடு கடைக்குப் போங்கள். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லும் பாகத்தில் காந்தம் நன்றாக ஒட்டினால், அது 430 வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். உப்புக்காற்றில் புள்ளி விழும். 304 வகையில் பெரும்பாலும் ஒட்டாது. முழு மெஷினும் 304ஆகக் கிடைத்தால் விலை எங்கோ போகும். தீக்கிண்ணம், தீத்தகடு, போல்ட், இவை நல்ல ஸ்டீலாக இருந்தால் போதும். வெளிக்கூடு பவுடர் கோட்டிங் தாங்கிக்கொள்ளும், மூடிபோட்டு வைத்தால். முதலில் துரு ஏறுவது எப்போதும் போல்ட்டில்தான். பிறகு கழற்ற முடியாது. திருவட்டாறு, குலசேகரம் பக்கம் உள்ளவர்களுக்கு உப்புத் தொல்லை குறைவு, ஈரத் தொல்லை கூடுதல்.

ஆரல்வாய்மொழி, தோவாளைக்காரர்களுக்கு வேறு கணக்கு. முப்பந்தலில் இத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. தென்மேற்குப் பருவக் காற்றில் மெல்லிய தகட்டுக் கூடு சூட்டைப் பிடித்து வைக்காது. பெல்லட் கூடுதலாகத் தின்னும். இரட்டைச் சுவர் உள்ள மாடல் வாங்குங்கள், அல்லது வீட்டுச் சுவரின் மறைவில், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். ஓலைச் சாய்ப்புக்குக் கீழே மட்டும் வேண்டாம். மூடிய திண்ணை, கார் ஷெட் எதுவும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அளவை சதுர அங்குலத்தில் சொல்வார்கள். ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு 450 சதுர அங்குலம், அதாவது 30க்கு 15 அங்குலம், தாராளம். மேல்தட்டையும் சேர்த்துக் கூட்டி 700 என்று எழுதியிருப்பார்கள். கீழ்த்தட்டின் அளவை மட்டும் கேளுங்கள். கிறிஸ்துமசுக்கு மட்டும் வரும் கூட்டத்தைக் கணக்கில் வைத்துப் பெரிய மெஷின் வாங்கினால், வருஷம் முழுக்க ஒரு கோழிக்காகப் பெரிய அறையைச் சூடாக்க வேண்டியிருக்கும்.

படுத்த பீப்பாய் வடிவம்தான் எங்கும் கிடைப்பது. அலமாரி போல நிமிர்ந்து நிற்கும் வகையும் உண்டு. மீன்தான் முக்கியம் என்றால் நான் நிமிர்ந்ததையே சொல்வேன். நாலைந்து தட்டில் அயலையும் சாளையும் சூரைத் துண்டுமாக அடுக்கலாம். எண்ணெய்ப் பிடிப்புள்ள மீன்கள் புகையை நன்றாக வாங்கும். நெய்மீனும் நன்றாக வரும். விலையை நினைத்தால் எனக்கு மனசு வரவில்லை. கோழி, பன்றி, மாடு என்று எல்லாமும் வேண்டும் என்கிறவர்களுக்குப் படுத்ததே வசதி.

கன்ட்ரோலர் பிஐடி வகையாக, அதாவது சூடு எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தும் வகையாக இருக்கட்டும். வைத்த சூட்டிலிருந்து சில டிகிரிக்குள் நிற்கும். பழைய மாடல்கள் இருபது டிகிரி ஏறி இறங்கும். வைஃபை, ஆப் எல்லாம் இருந்தால் இருக்கட்டும், அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். இறைச்சிக்குள் குத்திச் சூட்டை அளக்கும் புரோப் மட்டும் கண்டிப்பாக வேண்டும். கோழி உள்ளே 74 டிகிரி, மீன் 63 டிகிரி. பன்றித் தோள்பட்டை பிய்த்தெடுக்கும் பதத்துக்கு 95 பக்கம். பெரிய துண்டு 70 டிகிரி பக்கம் வந்ததும் மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கும். ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விப்பதால் அப்படி. மெஷினில் கோளாறு இல்லை. எனக்கு போன் பண்ண வேண்டாம்.

இதில் நடக்காததையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பல மாடல்களின் உச்சம் 230, 260 டிகிரி. தீயில் நேரடியாக வாட்டிக் கருக்குகிற ருசி வராது. நம்ம காரமசாலாவை அப்பிவைத்தால் புகையும் தெரியாது. உப்பு, மிளகு, கொஞ்சம் பூண்டு போதும்.

உதிரிபாகத்தில் அடிக்கடி போவது இக்னைட்டர் கம்பி. அதன் நீளம், தடிமன், வாட் எழுதி வாங்கி, கூடுதலாக ஒன்றை முதல் நாளே சேர்த்து வாங்கிவிடுங்கள். மோட்டார், ஃபேன் பொது அளவில் உள்ள மாடல் என்றால் நாகர்கோவிலில் யாராவது ஒருவர் ஏதாவது செய்து ஓட்டிவிடுவார். கன்ட்ரோலர் போர்டு போனால் கம்பெனிதான் கதி. ஆகவே வாரன்டியில் போர்டு எத்தனை வருஷம் என்று தனியாகக் கேளுங்கள்.

வந்து இறங்கியதும் இறைச்சி எதுவும் வைக்காமல், அதிக சூட்டில் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். தயாரிப்பில் ஒட்டிய எண்ணெய் எரிந்து போகும். அப்புறம் முதல் சமையலுக்குக் கோழிக் கால் எடுங்கள். 120இல் ஒரு மணி நேரம் புகை, பிறகு 190க்கு ஏற்றி உள்ளே 74 தாண்டும்வரை. ஏற்றாமல் விட்டால் தோல் ரப்பராக இழுக்கும். கொழுப்புத் தட்டை அடுத்த சமையலுக்கு முன் சுரண்டுங்கள். பன்றிக்கொழுப்பு தேங்கினால் அதுவே தீப்பிடிக்கும். கிண்ணத்துச் சாம்பலை இரண்டு மூன்று சமையலுக்கு ஒருமுறை, நன்றாக ஆறியபின், அள்ளிவிடுங்கள். ஷட் டவுன் முடிந்து ஃபேன் நின்றதும் மீதி பெல்லட்டை அடிக்கதவு வழியாக வாளியில் இறக்கி, மூடியை அழுத்தி மூடிவிட்டு, அப்புறம் சாப்பிட உட்காருங்கள்.